பழைய காரில் ஒலித்தடுப்பும் துருக்காப்பும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில், கடல் அலை இரவில் காதில் விழும் தூரத்தில் என் வீடு. அப்பா வாங்கிய 1984 மாடல் பிரீமியர் பத்மினி இன்னும் வாசலில் நிற்கிறது. அதை இரண்டு முறை முழுதாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். முதல் முறை செய்தது பெரும்பாலும் தவறு. இரண்டாம் முறை செய்தது இதுவரை நிற்கிறது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து நண்பர்களின் அம்பாசடர், மாருதி 800, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேலைகளிலும் உடன் நின்றிருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சத்தத்துக்கு ஷீட் ஒட்டுவதா, துருவுக்குப் பூச்சு அடிப்பதா, எதை முதலில் செய்வது?

பூச்சுதான் முதலில். ஷீட் கடைசி. பழைய கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓட்டும்போது காதை அடைக்கும் சத்தம் உடனே உறுத்துகிறது, தரைத் தகட்டின் துரு கண்ணில் படுவதில்லை. அதனால் முதல் மாதமே கம்பளத்தைத் தூக்கி ஷீட் ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஷீட்டுக்கு அடியில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் மாட்டிக்கொண்டால் அதற்கு வெளியே வர வழியில்லை.

நான் பின்பற்றும் வரிசை இது. வண்டியைக் காலி செய்து கழுவிக் காய வைப்பது, துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்வது, எபாக்சி பிரைமர் (வெறும் தகட்டில் முதலில் அடிக்கும் ஈரத்தடுப்புப் பூச்சு), இணைப்புகளில் சீம் சீலர் (தகடுகள் சேரும் இடுக்கை அடைக்கும் பசை), பெயின்ட், அடியில் கல்லடி படும் இடங்களுக்குத் தடித்த பூச்சு, உட்குழிகளுக்கு மெழுகு. இவை எல்லாம் முடிந்து இரண்டு மழை பார்த்த பிறகு, தரை எங்கேயும் ஈரமாகவில்லை என்று கையால் தடவி உறுதி செய்துகொண்டு ஷீட் ஒட்டுங்கள். மெழுகையும் ஷீட்டையும் வெல்டிங்குக்கு முன்னால் வைத்தால் தீப்பிடிக்கும். பெட்ரோல் டேங்கை இறக்கி வேறு இடத்தில் வைக்காமல் வெல்டிங் கம்பியைக் கையில் எடுக்கவே விடாதீர்கள்.

நம் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது? தாம்பரத்தில் இருக்கும் அண்ணன் வண்டி அப்படியே இருக்கிறதே?

காற்றில் வரும் உப்புதான் காரணம். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். காசிமேட்டிலோ எர்ணாவூரிலோ இரவில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த தகடு ராத்திரி முழுக்க நனைந்துதான் கிடக்கிறது.

எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசும் சேர்கின்றன. மட்கார்டுக்கு உள்பக்க விளிம்பில் அது சேறாக அப்பிக்கொண்டு, உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பத்மினியின் முன் மட்கார்டு பின்முனையில் விரலை விட்டுப் பாருங்கள். நான் முதல் முறை விட்டபோது ஒரு கைப்பிடி சாம்பல் சேறு வந்தது, அதனுடன் தகட்டின் துண்டும் வந்தது.

அதற்காகக் கடலோரத்தில் பழைய காரே வைத்திருக்கக் கூடாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. எண்ணூரில்தான் 1949-இல் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. இங்கே வண்டி வைத்திருப்பவருக்குக் கழுவும் வேலையும் காய வைக்கும் வேலையும் கூடுதல், அவ்வளவுதான்.

அடிப்பகுதியை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

நல்ல கேள்வி. கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம். மீஞ்சூரிலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவினால் ஓர் உப்பை இறக்கி இன்னோர் உப்பை ஏற்றுகிறீர்கள். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் காய வையுங்கள். வெள்ளை வளையம் தடிமனாக நின்றால் அந்தத் தண்ணீர் காருக்கு வேண்டாம். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் கழுவுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த நமக்குக் குடிநீரை ஊற்ற மனம் வராது. அதனால் முதலில் சேற்றை எல்லாம் கிணற்று நீரில் இறக்கிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

வாங்கிய வண்டியின் அடியில் கறுப்பு ரப்பர் கோட்டிங் அழகாக இருக்கிறது. அதன்மேல் இன்னொரு கோட் அடித்தால் போதுமா?

அழகாக இருக்கிறது என்பதாலேயே சந்தேகப்படுங்கள்.

என் பத்மினிக்கு முதல் முறை அந்தக் கோட்டிங்கை ஒரு பட்டறையில் அடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று கறுப்பாக இருந்தது. மூன்றாம் வருடம் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஓர் இடம் லேசாக உப்பியிருந்தது. ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பினேன். கல்லில் வெந்த தோசை கரண்டிக்கு எழும்புவதுபோல் ஓர் அடி அகலத்துக்குப் பூச்சு முழுசாக எழும்பி வந்தது. அதன் முதுகில் செம்பழுப்பு நிறத்தில் தகட்டின் ஒரு படலம் ஒட்டியிருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால், ஊசிமுனை அளவு ஏழெட்டுத் துளைகள் வழியே காருக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிந்தது. துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்திருக்கிறார்கள். கெட்டியான பூச்சு ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டது.

ஆகவே, இருக்கும் பூச்சை மொட்டை முனை உள்ள கருவியால் ஓரடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ‘பொத்’ என்று கேட்டாலோ முனை அமுங்கினாலோ அந்த இடத்தை உரித்தே தீர வேண்டும். உரித்த இடத்தைச் சுற்றி, பூச்சு விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் எல்லை வரும் வரை நிறுத்தாதீர்கள்.

உள்ளே தரையில் ஒட்டியிருக்கும் பழைய தார் அட்டையை எப்படிப் பெயர்ப்பது? காசிமேட்டில் ஐஸ் தாராளமாகக் கிடைக்கிறதே, அது உதவுமா?

வெளிநாடுகளில் உலர்பனிக்கட்டி வைத்துப் பெயர்ப்பார்கள். அது சுமார் மைனஸ் 78 டிகிரி. தார் கண்ணாடிபோல் விறைத்து, சுத்தியலால் தட்டினால் சில்லுசில்லாக உடையும். மீனுக்குப் போடும் ஐஸ் பூஜ்யம் டிகிரிதான், தாருக்கு அது போதாது. குளிர் கூட்டுவதற்காக அதில் உப்புப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து காருக்குள் உப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊரில் ஹீட் கன்னும் அகலமான உளியும் போதும். தார் இளகும் அளவுக்குச் சூடு காட்டுங்கள், புகைய விடாதீர்கள். மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பிறகு தின்னரால் துடையுங்கள். கதவுகள் நான்கும் திறந்திருக்கட்டும். சூடு காட்டும்போது மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த தகட்டை மிஷின் வைத்துத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பது நல்லது.

ரஸ்ட் கன்வெர்ட்டர் அடித்தால் துரு நின்றுவிடுமா?

மெல்லிய, கெட்டியாகப் பிடித்த துருவுக்கு உதவும். அதில் இருப்பது பெரும்பாலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். துருவோடு வினைபுரிந்து கறுத்த படலமாக மாற்றும். ஆனால் உதிரும் துருவின் மேல் அடித்தால் மேல் தோல் மட்டும் கறுக்கும், அடியில் பழைய துரு அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், துருவின் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் உப்பை அது எடுக்காது. வயர் பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, காய வைத்து, மறுநாள் காலை பாருங்கள். குழிக்குள் மீண்டும் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. என் வண்டியின் பின்சக்கர வளைவுக்கு இப்படி நான்கு முறை கழுவ வேண்டியிருந்தது. நான்காம் நாள்தான் புள்ளி வரவில்லை.

புளியும் எலுமிச்சையும்?

நட்டு, போல்ட்டு, சிறு கொக்கிகளை ஊற வைக்கப் பயன்படும். ஊறியதும் நன்றாக அலசி உடனே துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். காரின் உடம்புக்கு வேண்டாம். இடுக்கில் அமிலம் தங்கிவிடும்.

கேட்டுக்கும் படகுக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடு போதாதா? எபாக்சி பிரைமர் விலை அதிகமாக இருக்கிறதே?

கேட்டுக்குப் போதும். வருடா வருடம் பொங்கலுக்குச் சுரண்டி மறுபடி அடித்துவிடலாம். காரின் தரைத் தகட்டுக்கு மறுபடி எப்போது தூரிகை போகும்?

அந்தக் காலத்தில் ஈயச் செந்தூரம் கலந்த பிரைமர் இருந்தது. அது துருவை உண்மையாகவே தடுத்தது, ஆனால் நச்சு. இப்போது கிடைக்கும் ரெட் ஆக்சைடில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. துருவுக்கு நெருங்கிய உறவு. தகட்டை மூடும், ஆனால் ஈரத்தை எபாக்சி அளவுக்குத் தடுக்காது. அதன்மேல் வலுவான தின்னர் கலந்த இரண்டு பாகப் பெயின்டை அடித்தால் சுருங்கித் தூக்கிவிடவும் செய்யும்.

எபாக்சி பிரைமர் இரண்டு பாகமாக வரும். கலந்தால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவிலேயே கலக்குங்கள், கண் அளவு வேண்டாம். ‘இதுவும் பிரைமர்தான்’ என்று கடையில் எடுத்துக் கொடுக்கும் சர்ஃபேசர், அதாவது மேடு பள்ளத்தை நிரப்பித் தேய்க்கும் பூச்சு, தண்ணீரை உறிஞ்சும். அதை அடித்துவிட்டுப் பெயின்ட் இல்லாமல் மழையில் நிறுத்தக் கூடாது. துத்தநாகம் அதிகமுள்ள பிரைமர் துருவும் பூச்சும் இல்லாத வெறும் தகட்டைத் தொட்டால்தான் வேலை செய்யும். துருவின் மேலோ எபாக்சியின் மேலோ அடித்தால் காசு வீண். ஒரே இடத்தில் காசு செலவழிக்க முடியும் என்றால் நான் இந்த எபாக்சியில்தான் செலவழிப்பேன். மேலே பூசும் எதிலும் அவ்வளவு பலன் இல்லை.

பட்டி முதலிலா, பிரைமர் முதலிலா?

எபாக்சி முதலில், அதன்மேல் பட்டி. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெறும் தகட்டில் வைத்தால் அதன் அடியிலேயே துரு பிறக்கும். தகடு ஒட்டும் இடத்தில் ரிவிட் அடித்து மேலே பட்டி பூசி மூடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 20 கேஜ் தகடு வெட்டி, ஓரம் சேர்த்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

அடிப்பகுதிக்கு எந்தப் பூச்சு நல்லது?

தார் அடிப்படையிலானது மலிவு. நான்கைந்து கோடையில் காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் ஏறும், வெளியே வராது. ரப்பர் கலந்தது சற்று நெளிந்து கொடுக்கும், ஆனால் கீழே துரு இருந்தால் முடிவு ஒன்றுதான். பாலியூரித்தேன் பூச்சு, லாரிகளின் சரக்குத் தொட்டியில் அடிப்பது, மிக வலுவானது. சுத்தமான தகட்டில் எபாக்சி மேல் அடித்தால் கல்லடிக்கு அசையாது. ஒருமுறை தப்பாக அடித்துவிட்டால் அதை எடுக்கும் வேலை உயிரை வாங்கும்.

நான்காவது வகை மெழுகும் லானோலினும். லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. இது காய்ந்து கெட்டியாவதில்லை. கீறினால் மெல்லப் பரவி மூடிக்கொள்ளும். தூசு ஒட்டும், கையில் பிசுபிசுக்கும், வருடத்துக்கு ஒரு முறை தொட்டுப் பூச வேண்டும். பார்க்க அழகில்லை. ஆனால் எதையும் மறைக்காது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்கும். உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு அந்தக் குணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே என் தேர்வு: எங்கும் எபாக்சி, இணைப்புகளில் சீம் சீலர், மேலே பெயின்ட். டயர் கல்லை வாரி அடிக்கும் சக்கர வளைவுகளுக்கு மட்டும் தடித்த கல்லடிப் பூச்சு. எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவர்களுக்கு இது கட்டாயம் தேவை. மற்ற அடிப்பகுதி முழுக்க மெழுகு.

உட்குழிகளுக்கு மெழுகு என்கிறீர்களே, அது எங்கே?

கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற ரன்னிங் போர்டு, கதவின் உள்பக்கம், டிக்கி ஓரங்கள், குறுக்குச் சட்டங்கள். துரு உள்ளிருந்து வெளியே வரும் இடங்கள் இவை. நீளமான குழாயில் சுற்றிலும் துளையுள்ள முனையை மாட்டி, உள்ளே கடைசி வரை விட்டு, மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். கீழேயுள்ள வடிகால் துளைகளில் மெழுகு சொட்டினால் சரியாகப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். சொட்டி நின்றதும் ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். துளை அடைபட்ட கதவு, அடுத்த மழையில் தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குத் தனிச் சட்டகம் உண்டு. நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் நுனியில்தான் சேறு சேரும். உடம்பு எவ்வளவு பளபளத்தாலும் முதலில் அங்கே தட்டிப் பாருங்கள்.

லாரிகளுக்கு அடிப்பதுபோல் பழைய எஞ்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கலாமா?

வேண்டாம். ஓடித் தீர்ந்த ஆயிலில் அமிலமும் கரியும் இருக்கின்றன. ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, தெருவில் சொட்டி மழைநீர்க் கால்வாய்க்குப் போகும். பிறகு எப்போதாவது நல்ல பூச்சு அடிக்க நினைத்தால் எதுவும் ஒட்டாது.

எங்கெல்லாம் எதையும் பூசக் கூடாது?

சைலன்சர், பிரேக் டிரம், பிரேக் ஓஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரப்பர் புஷ்கள், வடிகால் துளைகள். இவற்றோடு சேஸிஸ் எண். தனியார் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. அப்போது சேஸிஸ் எண்ணைத் தாளில் பென்சில் தேய்த்துப் படியெடுக்க வேண்டும். பூச்சுக்கு அடியில் புதைந்த எண்ணை ஆய்வாளர் முன்னால் சுரண்டிக்கொண்டு நிற்க நேரும். எண்ணின் மேல் டேப் ஒட்டிவிட்டுப் பூச்சைத் தொடங்குங்கள்.

சத்தத்துக்கு வருவோம். பியூட்டைல் ஷீட் என்னதான் செய்கிறது?

அது சத்தத்தை உறிஞ்சுவதில்லை. தகடு அதிர்வதைத் தணிக்கிறது. பியூட்டைல் ரப்பர் அடுக்கும் அதன்மேல் அலுமினியத் தாளும். தகடு நெளியும்போது நடுவிலுள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. கதவின் வெளித் தகட்டை முட்டியால் தட்டுங்கள். ‘டங்ங்’ என்று எவர்சில்வர் தட்டுபோல் ஒலிக்கும். நடுவில் உள்ளங்கை இரண்டு அளவு துண்டை ஒட்டி மறுபடி தட்டுங்கள். ‘டப்’ என்று நின்றுவிடும். அந்த இடத்துக்கு அது போதும்.

இதனால்தான் முழுக்க ஒட்டத் தேவையில்லை என்கிறேன். தட்டையான தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மூடினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். கடையில் முழு வண்டிக்கும் போடச் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு மூன்று மூன்றரைக் கிலோ. பத்துச் சதுர மீட்டர் ஒட்டினால் முப்பது கிலோவுக்கு மேல். 796 சிசி எஞ்ஜினுள்ள மாருதி 800 அந்தச் சுமையை ஏன் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்? தவிர, மூடாத தகட்டை நாம் கண்ணால் பார்க்க முடியும், துரு வந்தால் தெரியும்.

ஒட்டும் முறை எளிது. தகட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஷீட்டை வைத்து, சிறு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அலுமினியத் தாளில் உள்ள மேடு பள்ளக் கோலம் மறையும் வரை தேயுங்கள். மறையாத இடத்தில் காற்று இருக்கிறது. காற்று இருந்தால் நம் ஊரில் நாளைக்குத் தண்ணீர் இருக்கும்.

மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் பார்க்க அதே மாதிரிதானே இருக்கிறது? விலை பாதிகூட இல்லையே?

நானும் அப்படி நினைத்துத்தான் முதல் முறை கதவுகளுக்குள் அதை ஒட்டினேன். அந்த ஆண்டு கத்திரி வெயிலில் வண்டி வாசலில் நின்றிருந்தது. மாலையில் கண்ணாடியை இறக்கினால் பாதியில் நின்றது. கதவு அட்டையைக் கழற்றினேன். ஷீட் ஒரு சாண் கீழே வழுக்கி, கண்ணாடி ஏற்றி இறக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே வடிகால் துளை இரண்டும் தாரால் அடைபட்டிருந்தன. வண்டிக்குள் தார் போடும் சாலையின் வாடை வருடக்கணக்கில் போகவில்லை. தார் வெயிலில் இளகும். கதவு, கூரை, எஞ்ஜின் பக்கத்துச் சுவர் மூன்றுக்கும் பியூட்டைல் மட்டுமே.

எல்லாம் ஒட்டியும் சத்தம் குறையவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, சத்தம் தகட்டிலிருந்து வரவில்லை. தேய்ந்த எஞ்ஜின் மவுண்டிங், சக்கர பேரிங், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (தண்டின் முனையிலுள்ள சிலுவை மூட்டு), சைலன்சர் தொங்கும் ரப்பர், பின் ஆக்சிலின் முனகல் ஆகியவற்றை எந்த ஷீட்டாலும் அடக்க முடியாது. ஷீட்டுக்கு வைத்த காசில் முதலில் இவற்றைச் சரி செய்யுங்கள். அம்பாசடரில் கிராஸ் மாற்றியதும் ‘பாதிச் சத்தம் போய்விட்டது’ என்று நண்பர் ஒருவர் ஷீட் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

இன்னொன்று, ஓட்டை. ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்தச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எஞ்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் இடையிலுள்ள தகட்டில் எத்தனை துளைகள்! வயர் போகும் துளை, கிளட்ச் கம்பி, ஸ்டியரிங் தண்டு, என்றோ கழற்றிய ஏதோ ஒன்றின் பழைய துளை. இரவில் எஞ்ஜின் பக்கம் ஒரு விளக்கை வைத்துவிட்டு, உள்ளே இருட்டில் குனிந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் ஒவ்வோர் இடத்துக்கும் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பில் மாட்டும் வளையம்) மாட்டுங்கள். கதவு பீடிங் ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும்.

கம்பளத்துக்குக் கீழே என்ன போடுவது? பழையபடி சணல் ஃபெல்ட்டா?

சணல் ஃபெல்ட் சத்தத்தை நன்றாகவே உறிஞ்சும். தண்ணீரையும் அப்படியே உறிஞ்சும். டிசம்பரில் நனைந்தால் பிப்ரவரியிலும் அடியில் ஈரம் இருக்கும். மெத்தைக்குப் போடும் பஞ்சு நுரையும் அப்படித்தான். நம் பக்கத்துக்கு மூடிய கண்ணறை நுரை ஏற்றது. ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் அந்த வகைதான், பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் அமுக்கி வைத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது வேறு நுரை. தரையில் இதை ஒட்டாதீர்கள், அளவாக வெட்டிச் சும்மா விரியுங்கள். தூக்கிப் பார்க்க முடிய வேண்டும்.

கூரை வெப்பத்துக்கு?

பியூட்டைல் நான்கைந்து பட்டை, அதன்மேல் 6 அல்லது 10 மில்லிமீட்டர் நைட்ரைல் நுரை. மழை கூரையில் கொட்டும்போது தகரக் கொட்டகைச் சத்தம் வராது, வெப்பமும் குறையும். அலுமினியத் தாளே வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும் என்று நம்பாதீர்கள். அதற்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் அடிப்பது?

பிப்ரவரி முதல் ஜூன் வரை. வாடைக் காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தூரிகையைத் தொடாதீர்கள். நாளிலும் நேரம் உண்டு. தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். விடியற்காலையில் தகட்டில் பனி இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பி உப்பைக் கொண்டுவரும். ஒன்பது மணிக்கும் கடற்காற்றுக்கும் நடுவே கிடைக்கும் மூன்று மணி நேரம்தான் நம் நேரம். சுத்தம் செய்த தகட்டை அன்றே பிரைமர் அடித்து மூட வேண்டும். ஒரே ஓர் இரவு வெறுமையாக விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

முகமூடி அவசியமா? கடைப் பையன்கள் கைக்குட்டையைத்தான் கட்டிக்கொள்கிறார்கள்.

அவசியம். இரண்டு பாகப் பெயின்டிலும் பாலியூரித்தேன் பூச்சிலும் வரும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து, வாழ்நாள் ஆஸ்துமாவைக் கொடுக்கும். அதற்கு மணம் இல்லை என்றே சொல்லலாம், வரும்போது தெரியாது. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் எதையும் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க்கும் அந்தப் புகையில் நீண்ட நேரத்துக்குப் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி உள்ள பட்டறையில் கொடுங்கள். நம் நெருக்கமான தெருவில், பக்கத்து வீட்டுக் குழந்தை ஜன்னலில் நிற்கும் இடத்தில், இதை ஸ்பிரே செய்யவே கூடாது. வீட்டில் செய்வதானால் தூரிகையால் பூசும் எபாக்சியும் மெழுகும் போதும். அப்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி மூழ்கியது. அப்படியே காய்ந்துவிட்டது. இப்போது பூச்சு அடிக்கலாமா?

அந்த வெள்ளத்தில் எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் வந்த தண்ணீரில் எண்ணெய் கலந்திருந்தது நினைவிருக்கும். எண்ணெய்ப் படலம் இருக்கும் தகட்டில் எந்தப் பிரைமரும் பிடிக்காது. எண்ணெய் நீக்கும் திரவத்தால் இரண்டு முறையாவது கழுவி, கடைசியாக நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழிந்தால் எண்ணெய் போய்விட்டது. இருக்கை, கம்பளம், ஃபெல்ட், கதவு அட்டை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ரன்னிங் போர்டின் உள்ளே வண்டல் கட்டியாக இருக்கும். தண்ணீர்க் குழாயை உள்ளே விட்டுத் தெளிந்த நீர் வரும் வரை அலசுங்கள். பழைய ஷீட் ஒட்டியிருந்தால், நன்றாகவே தெரிந்தாலும் ஒரு மூலையை உரித்துப் பாருங்கள்.

டிங்கரிங் கடையில் எப்படிப் பேசுவது? நாம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். கை வேலையில் அவர்கள் நம்மைவிடப் பெரியவர்கள், அதை முதலில் மதியுங்கள். எனக்குப் பிளாட்ஃபார்ம் (தரைத் தகட்டு) வேலை செய்துகொடுத்த கொருக்குப்பேட்டைப் பெரியவர், ‘தம்பி, கோட்டிங் அடித்துத் தருகிறேன், பத்து வருடம் பார்க்க வேண்டாம்’ என்றார். ‘அண்ணா, கோட்டிங் வேண்டாம். துருவை வெட்டியதும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நான் வந்து பார்த்த பிறகு பிரைமர் அடியுங்கள். அந்தக் காத்திருப்புக்கும் கூலி தருகிறேன்’ என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மூன்றாம் நாள் போன் வந்தது. போனபோது நான் கேட்டதற்கு மேலேயே வெட்டியிருந்தார். ‘இங்கேயும் போயிருந்தது, நீங்கள் பார்க்க வருகிறீர்கள் என்றதும் விட மனம் வரவில்லை’ என்றார். பேரம் பேசிக் கூலியைக் குறைத்துவிட்டு நல்ல வேலையை எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போய்ப் பாருங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்ன பார்க்க வேண்டும்?

மழைக்காலம் முடிந்து, தை மாதம் நல்ல வெயில் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கம்பளத்தையும் நுரையையும் தூக்கி மாடியில் காய வையுங்கள். தரையை வெறும் கையால் தடவுங்கள். ஈரம் முதலில் பட்டுவிடும் இடங்கள் ஓட்டுநரின் குதிகால் படும் குழியும் பின் இருக்கைக்குக் கீழும்தான். வடிகால் துளை ஒவ்வொன்றிலும் சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டு எடுங்கள். கம்பி மெழுகு பூசி வந்தால் அடுத்த துளைக்குப் போங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் அந்தப் பெட்டியை அன்றே அலசி, இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி, மறுபடி மெழுகு ஏற்றுங்கள்.